மேஸ்திரியின் வெள்ளிக்கிழமை

தர்மம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வாய் பரபரக்கும். கொடுப்பவரைப் பிடித்து நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கத் தோன்றும். வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. தணியாமல் இருப்பதே நல்லது என்றும் நினைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ரங்கூனில், பசுந்தாங் பக்கம் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குக் கியாக்டடா என்ற பகுதியில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் டிராம் ஏறிப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். எங்கள் குடியிருப்பு இரண்டாவது மாடியில். பக்கத்து ஓடைக்கரை முழுக்க அரிசி ஆலைகள். உமியை எரித்துத்தான் ஆலை ஓடும். அந்தக் கரி காற்றோடு வந்து கொடியில் காய்கிற துணியிலெல்லாம் உட்கார்ந்துகொள்ளும். சுத்த வெள்ளை வேட்டி என்ற ஒன்றை எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான் உடுத்தியிருந்தார். அவர்தான் மேஸ்திரி. ஆலைக்குக் கூலி ஆள் பிடித்துத் தருகிறவர். ஊரிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து, மூட்டை சுமக்க விட்டு, அவர்கள் கூலியில் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்.

கோயிலுக்குத் தவிர மாடி வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்குகிற வழக்கம் இல்லை. காய்கறிக்காரி வந்தாலும் மீன்காரன் வந்தாலும் கயிற்றில் கட்டிய கூடைதான் இறங்கும். காசு கீழே போகும், கத்தரிக்காய் மேலே வரும். பிச்சைக்காரர்களுக்கும் அதே கூடை. அவர்கள் அண்ணாந்து "அம்மா தாயே" என்று குரல் கொடுப்பார்கள், நாங்கள் மிச்சச் சோற்றை இலையில் பொதிந்து இறக்குவோம். வாங்குகிறவனுடைய உச்சந்தலையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே பல வீடுகளில் தாராளமாகத் தர்மம் நடந்தது.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அப்படித் தாராளமாகக் கொடுக்கிறவர் அல்ல. "பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பதை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். தெருவில் ஒருவன் கையேந்தினால் நின்று விசாரிப்பார். எந்த ஊர், என்ன வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், குடிப்பாயா? ஒரு தம்பிடிக்குச் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை மாதிரி நடக்கும். பாதிப் பேர் பரீட்சை முடிவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். "பார்த்தாயா, உண்மையான பசி இருந்தால் நிற்பான்" என்பார் என்னிடம்.

இந்தக் குணத்தால் வந்த ஒரு வினையை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் கப்பலை விட்டு இறங்கிய புதிது. ஒரு நாள் காலையில் அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் படியிறங்குகிறார். கீழ்வீட்டு வாசலில் ஒரு பொங்கி, அதாவது அந்த ஊர்ப் பௌத்தத் துறவி, மஞ்சள் துவராடையோடு, கையில் பாத்திரத்தோடு, தலை குனிந்து பேசாமல் நிற்கிறார். எங்களவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. "கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு? போய் ஏதாவது வேலை செஞ்சு பொழைக்கிறது!" என்று தமிழில் ஒரு அதட்டல் போட்டார். துறவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சுடுசோற்றுப் பானையோடு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த கீழ்வீட்டுப் பர்மியப் பெண்மணிக்கு நன்றாகத் தெரியும். அவர் பழைய சாக்கு வியாபாரம் செய்பவர். சாக்குத் தூக்குகிற நம்முடைய கூலிகளிடமிருந்தே தமிழைக் கற்றவர். எனவே அவருடைய தமிழில் மரியாதை என்பதே கிடையாது, எல்லோரும் நீதான்.

மாலையில் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரை மமா என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை ஞீமா என்பார், தங்கை.

"ஞீமா, ஓம் புருஷன் புத்தி இல்லாதவன்" என்றார். "நாங்க சோறு போட்டுட்டு நாங்கதான் கும்புடுவோம். பொங்கி வாங்குனாத்தானே எனக்கு நல்லது? வாங்க மாட்டேன்னு போயிட்டா நான் என்ன பண்ண?"

கொடுக்கிறவள் வாங்குகிறவரைக் கும்பிடுவதா என்று எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது. மமா ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்காரரோடு பேசவில்லை. என்னோடு பேசினார். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

இனி, இந்தக் கதையைச் சொல்ல வைத்த மனிதனைப் பற்றி. ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆலையிலிருந்து ஓடையில் நிற்கும் படகுக்குப் பலகை போட்டிருப்பார்கள். மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு அந்தப் பலகை மேல் ஓட வேண்டும். நடந்தால் மேஸ்திரியின் ஆள் வைவான். மழை ஈரத்தில் வழுக்கி இவன் படகுக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் விழுந்தான். படகு வந்து மோதியது. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் இடத்தில் வேறு ஆள். ஒரு மூங்கிலை ஊன்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். தெருவே அவனை நொண்டி என்று கூப்பிட்டது. எனக்கு அந்தச் சொல் வாயில் வராது.

ஒரு நாள் மத்தியானம் நான் கூடையை இறக்கினேன். அவன் இலைப்பொதியை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "அம்மா, சோறு இருக்கட்டும். கொஞ்சம் எறங்கி வர்றீங்களா? ஒரு வார்த்தை கேக்கணும்" என்றான்.

எதிர்மாடியிலும் பக்கத்து மாடியிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிச்சைக்காரன் வீட்டுக்காரியைக் கீழே வரச் சொல்வதாவது! அவர்கள் சிரித்ததாலேயே நான் விறுவிறுவென்று இறங்கிப் போனேன். மமாவின் சாக்குக் கடை வாசலில் நின்று என்ன என்று கேட்டேன்.

"ஆலையில சாக்கு வாயி தைக்கிறதுக்குன்னு ஆளுங்க வரிசையாக் குந்தியிருக்காங்கம்மா. குந்தித் தைக்கிற வேலைக்குக் காலு எதுக்கு? மேஸ்திரி மனசு வச்சா எனக்கொரு எடம் குடுக்கலாம். நான் கேட்டா காசப் போட்டுட்டுப் போயிடறாரு. காது கேக்காத மாதிரி. நீங்க சொன்னாக் கேப்பாரும்மா."

அவன் கேட்டது அவ்வளவுதான். இதில் என்ன தவறு, யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரவு எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும், "தெருவில் இறங்கிப் பிச்சைக்காரனோடு பேசினாயாமே?" என்றார். டிராமை விட்டு இறங்கியதுமே யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

"அவன் பிச்சை கேட்கலே. வேலை கேட்டான்."

"எல்லாம் ஒண்ணுதான். பாத்திரமறிந்து…"

"வேலைக்கு என்ன பாத்திரம் பார்க்கணும்? அவன் கை நல்லா இருக்கு. நாளைக்கு நீங்களே பரீட்சை வையுங்க."

அவர் ரசத்தை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், கொஞ்சம் வேகமாகவே.

அந்த வெள்ளிக்கிழமை நம் தமிழர் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை என்றால் கோயில் வாசலில் கையேந்துகிறவர்கள் வரிசையாக உட்காருவார்கள். கடைக்காரர்கள், வட்டிக்கடைக்காரர்கள், மேஸ்திரிகள் எல்லோரும் தரிசனம் முடிந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள். எங்கள் மேஸ்திரி வருகிற அழகைப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளை வேட்டி, பட்டு அங்கவஸ்திரம், பின்னால் பித்தளைத் தட்டில் சில்லறையோடு ஒரு ஆள். மற்றவர்களுக்கு அந்த ஆள் போடுவான். வரிசையின் தலையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருக் காலில்லாதவனுக்கு மட்டும் மேஸ்திரி தம் கையாலேயே போடுவார். அங்கஹீனனுக்குக் கொடுத்தால் புண்ணியம் அதிகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனாலேயே கோயில் சேவகன் இவனை வரிசையின் தலையில் உட்கார வைப்பான். வெள்ளிக்கிழமை தவறாமல் மேஸ்திரி குனிந்து போடுவார், சுற்றி நிற்பவர்கள், "என்ன இருந்தாலும் தன் ஆளைக் கைவிடல்லே பாருங்க" என்பார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ஆனால் அதை அங்கே சொல்ல ஆளில்லை.

நான் அவரை நிறுத்தி, சாக்குத் தைக்க இவனுக்கு ஒரு இடம் தரக்கூடாதா என்று கேட்டேன். பெண்பிள்ளை நடுவாசலில் நிறுத்திக் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அம்மா, நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. ஆலைக்குள்ள காலில்லாதவன் குந்தியிருந்தா, புதுசாக் கப்பல்ல வந்து எறங்குற ஆளு பலகையில காலு வைப்பானா? பாத்ததுமே பயந்துருவான். மொதலாளியும் சகுனம் பாக்குறவரு. இவனுக்கு என்ன கொறைச்சல்? வாராவாரம் நான் பாத்துக்கறேனே!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பார்த்தால் பயப்படுவார்கள் என்றால், பயப்பட வேண்டியது அங்கே ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? கோயில் வாசலில் இவனைப் பார்த்தால் புண்ணியம், ஆலை வாசலில் பார்த்தால் அபசகுனம். ஒரே மனிதன், ஒரே கால். இதைக் கேட்டேன். "வெய்யில் ஏறிப்போச்சு, வர்றேம்மா" என்று போய்விட்டார்.

அவர் சொன்னதை நான் அவனிடம் மறைக்கவில்லை. தை பிறந்தது. புது நெல் வந்து ஆலைகளெல்லாம் இரவு பகலாக ஓடத் தொடங்குகிற சமயம். அப்போது மேஸ்திரிகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தை மாசத்து முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் பூஜை செய்து, ஒரு படி புது அரிசியும் ஒரு வெள்ளிக்காசும் ஒரு ஏழைக்குத் தர வேண்டும். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அந்த மேஸ்திரியின் கூலி ஆள் முதல் மூட்டையைத் தூக்குவான். அப்படிச் செய்தால் அந்த வருஷம் சேதம் இராது என்று நம்பிக்கை.

அன்று புதிதாக வந்த கூலிகளெல்லாம் குளித்துத் திருநீறு பூசிக் கூட்டமாக நின்றார்கள். மேஸ்திரி அரிசியையும் காசையும் ஏந்திக்கொண்டு வரிசையின் தலைக்கு வந்தார். இவன் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீட்டுடா" என்றான் கோயில் சேவகன்.

"காசு வேணாம் சாமி. எடம் குடுங்க" என்றான் இவன், மேஸ்திரியைப் பார்த்து. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

கொடுப்பதற்கென்று எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது. மேஸ்திரியின் முகம் இரும்புச்சட்டி மாதிரி கறுத்துப்போனது. கூலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருக்கள் ஓடிவந்து, "தர்மத்தைத் தள்ளலாமோடா, பாவி!" என்று கத்தினார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி கையை நீட்டினாள். பசித்தவள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மேஸ்திரி அவள் கையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். பூஜை நடந்தது, மூட்டை தூக்கினார்கள், ஆலை ஓடியது.

ஆனால் தெரு அவனை மன்னிக்கவில்லை. இதுதான் எனக்கு ஆறாத கோபம். திருடன் என்று தெரிந்தவனுக்குச் சோறு போட்ட தெரு அது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனுக்கும் கூடை இறங்கும். இவன் ஒரு முறை வேண்டாம் என்று சொன்னான், அவ்வளவுதான், கூடைகள் எல்லாம் மேலேயே நின்றுவிட்டன. "பிச்சைக்காரனுக்கு இவ்வளவு திமிரா?" "வெள்ளிக்காசை வேணாங்கறானாம், நம்ம பழஞ்சோறு எறங்குமா அவனுக்கு?" எதிர்மாடிக்காரி இப்படிச் சொல்லிவிட்டுச் சோற்றைக் காக்கைக்கு வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். கோயில் சேவகன் வரிசையில் உட்காரவும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர்கூட, "ஊரோடு ஒத்து வாழ்" என்று ஆரம்பித்தார். நான் எங்கள் கூடையை இறக்கிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் ஒரு வீட்டு மிச்சத்தில் ஒரு ஆண்பிள்ளை எத்தனை நாள் ஓட்டுவான்? யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாசி முடிவதற்குள் அவன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஒரு நாள் மமாவின் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் சுருட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு தெருவில் போய்க்கொண்டிருந்த அவனையே, "டேய், இங்க வா" என்று கூப்பிட்டார்.

அவன் வந்ததும் பழக்கத்தில் துணியை விலக்கிக் காலைக் காட்டப் போனான்.

"காலை நான் என்ன பண்ண? கையைக் காட்டு" என்றார் மமா.

காட்டினான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிந்த சாக்கு ஒன்றையும் கோணி ஊசியையும் தூக்கிப் போட்டார். அவன் தைத்தான். முதல் தையல் கோணல். மமா அதைப் பிரிக்கச் சொல்லித் திட்டினார். மறுபடி தைத்தான். சாயங்காலம் வரை திட்டு, பிறகு கூலி. நாளைக்குச் சீக்கிரம் வா என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "மமா, உனக்குப் பெரிய புண்ணியம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"புண்ணியம் காலையிலே பொங்கிக்குப் போட்டாச்சு. இது சாக்கு" என்றார்.

அவன் கன்னம் மறுபடி உப்பியது. கடையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் தெருவின் பேச்சு மாறியது. "எத்தனை நாள் நாம போட்ட சோறு! இல்லேன்னா இன்னிக்கு இப்படி நிமிர்ந்து உட்காருவானா?" என்றாள் அதே எதிர்மாடிக்காரி. நான் சன்னலைச் சாத்தினேன், சத்தம் கேட்கும்படியாக.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. பங்குனியில் ஒரு நாள் மேஸ்திரியின் கணக்குப்பிள்ளை, மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர், சாக்குக் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மூன்று முறை தொண்டையைக் கனைத்துவிட்டு அவனிடம் சொன்னார்:

"மேஸ்திரிக்கு வெள்ளிக்கிழமை மனசே சரியில்லையாம்ப்பா. வரிசைத் தலையில ஒரு கெழவி குந்தியிருக்கா, அவளுக்குக் கையி காலு எல்லாம் இருக்கு. போட்ட மாதிரியே இல்லேங்கறாரு. தையில நடந்ததுலேருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு சங்கடம். நீ வெள்ளிக்கெழமை காலம்பற மட்டும் வந்து பழைய எடத்துல குந்து. காசு தனியா, வந்து குந்துனதுக்குக் கூலி தனியா. நான் பேசி வாங்கித் தர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். ஊசியை நிறுத்தவில்லை.

"காலு போனப்ப சாக்குத் தைக்க எடம் கேட்டேன், இல்லேன்னாரு. பிச்சை எடுக்க மட்டும் எடம் இருக்கா? அதுக்குக் கூலி வேறயா? போயி நான் வேலையா இருக்கேன்னு சொல்லுங்க."

மமா ஒரு சாக்கை எடுத்துக் கணக்குப்பிள்ளையின் காலடியில் உதறினார். தூசி பறந்தது. அவர் இருமிக்கொண்டே போனார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். இரவு இதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வரிசையின் தலையில் கிழவி இல்லை. புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். இடது கால் முழங்காலோடு போயிருந்தது. கட்டுத்துணி இன்னும் வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரி மருந்து நெடி அடித்தது. தரையில் எப்படி உட்காருவது என்றுகூட அவனுக்குப் பழகவில்லை, ஒரு கையை ஊன்றிச் சரிந்து உட்கார்ந்திருந்தான். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டேன். சொன்னான். அதே ஆலை, அதே படகுத்துறை, அதே பலகை. தை வெள்ளிக்கிழமையன்று குளித்துத் திருநீறு பூசி நின்ற கூட்டத்தில் இவனும் நின்றிருக்கிறான்.

அதற்குள் வெள்ளை வேட்டி வந்துவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல, குனிந்து, தம் கையாலேயே போட்டார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் நடுவாசலில் நின்று, "ஆலையில இவனுக்கு ஒரு எடம் இருக்கா மேஸ்திரி?" என்று கத்தினேன். "தர்மம் பண்ற எடத்துல சண்டை வேண்டாம்மா" என்றார் குருக்கள். மேஸ்திரி நிற்காமல் போய்விட்டார்.

புதியவன் காசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினான்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, நல்ல மனுசரு. நான் கெடந்த ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து, பயப்படாதே, வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா, நான் பாத்துக்கறேன்னு சொன்னாரும்மா."